மூன்றாம் கால்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி,

அக்கா எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் மாமா சௌக்கியம், அவர் ஓட்டுகிற பஸ் வழக்கம்போல் சௌக்கியமில்லை. பெரியப்பா நின்ற இடத்திலேயே நிற்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்கு அந்தக் கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா என்று எழுது. பெட்டியிலேயே மடித்து வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

பெரியப்பாவுக்கு அடுத்த வருடம் ஐம்பது வயது. நகரசபை விழா எடுக்கிறது. கோபுரத்தின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள், அச்சடிக்கும் வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. பிழை திருத்துகிறவள் கோபுரத்துப் பெயின்ட் மேஸ்திரியின் மகள் என்று யாரோ முதலாளியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். இப்போது எழுதுவதும் நான், திருத்துவதும் நான். அதில் ஒரு சௌகரியம், சண்டை வராது.

சாயங்காலம் அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். வானொலிக்காக இரும்பில் கோபுரம் எழுப்பப்போகிறோம் என்று அறிவித்ததும் ஊரில் பாதிப் பேர் எதிர்த்தார்களாம். அதன் நிழல் விழுந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைத்தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்களாம். கட்டும்போது பழுக்கக் காய்ச்சிய ஆணிகளைக் கீழே இருப்பவன் இடுக்கியால் வீசுவான், மேலே இருப்பவன் தகர வாளியில் பிடிப்பான். அப்பா வாளிக்காரர். "ஒண்ணுகூடத் தவறவிட்டதில்ல. விட்டிருந்தா யார் தலையிலயாவது விழுந்து இந்நேரம் உள்ள இருப்பேன்" என்கிறார்.

'பெரியப்பா' என்ற பெயரைப் புத்தகத்தில் போடலாமா என்று கேட்டேன். "அது நம்ம வீட்டுப் பேரு. ஊருக்கு எதுக்கு?" என்றுவிட்டார். அம்மா வைத்த பெயர் அல்லவா. அப்பா எங்கே என்று நாம் கேட்டால், "உங்க பெரியப்பாவைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிவிடப் போயிருக்கார்" என்பாள். நீ பள்ளிக்கூடம் சேரும்வரை அதை நம்பினாய். ஒருநாள் தெருவில் நின்று கோபுரத்துக்கு வணக்கம் சொன்னதை உன் மாமாவிடம்கூட நான் சொன்னதில்லை. போன வாரம்தான் சொன்னேன்.

கோபுரத்தின் நான்கு காலுக்கும் நான்கு கோஷ்டி, அப்பாவுக்கு மூன்றாம் கால். மேஸ்திரியான பிறகும் மூன்றாம் காலை மட்டும் பிறர் கையில் விட்டதில்லை. அம்மா அவரையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் நினைவிருக்கும். "மூணாம் கால் வந்தாச்சு, தட்டு எடுத்து வை."

கடைசியாக ஒன்று. அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது. மாடிப்படியின் நடுவில் நின்று, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்க்கிறார். யாரும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நானும் என் கம்பளிச் சட்டையும் நலம். அது பெட்டியில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது.

பாலத்தின் அடியில் தொங்குபலகையில் நின்று, பொருத்து பொருத்தாகத் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். ஆற்றுக்காற்று முகத்தை அறுக்கிறது. கீழே ஓடும் தண்ணீர் மட்டும் அழகாக இருக்கிறது, அதைப் பார்த்தால் தலை சுற்றுவதால் பார்ப்பதில்லை. உயரம் என்றால் பயந்து, பெரியப்பா மேல் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த பையனுக்குக் கம்பெனி கொடுத்திருக்கிற வேலை இது.

ஒப்பந்தம் முடிய அடுத்த வருடம் ஆகும். பெரியப்பா விழாவுக்கு வந்துவிடுவேன். அதற்கு முன் முடியாது. நடுவில் ஊருக்கு வந்தால் வேலையை விட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது பஸ் நிலையத்தில் அப்பா சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "பாதியில விட்டுட்டு மட்டும் வந்து நிக்காதே. பாதிப் பூச்சு அடிச்ச இடம்தான் முதல்ல உரியும்." வேறு எதுவும் சொல்லவில்லை. அதனால் அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வியாழக்கிழமை என்ன சொன்னார்கள்? உடனே எழுது.

உன் தம்பி

*

மார்ச் 30

அன்புள்ள தம்பி,

நானும் உன் மாமாவும் சௌக்கியம். பதில் தாமதமாகிவிட்டது. காகிதத்தை எடுத்து வைப்பதும் மடித்து வைப்பதுமாக ஒரு மாதம் போய்விட்டது.

அப்பாவைப் பற்றி எழுதுவதற்கில்லை. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெரியப்பாவைப் பற்றி எழுதலாம், அதற்குத் தடையில்லை.

அந்த வியாழக்கிழமை பெரியப்பாவின் மூன்றாம் காலைத் தட்டிப் பார்த்தார்கள். மேலே சத்தம் சரியாக இருக்கிறது. கீழே வர வர மொத்தென்று கேட்கிறது. உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறதாம். படமும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். இத்தனை வருடப் பெயின்டும் தூசியும் சேர்ந்து உள்ளே அரித்திருக்கிறது என்றார் பெரியவர். ரொம்ப நல்ல மனிதர், நேரே கண்ணைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நீ மூன்றாம் காலின் தோளில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை. உனக்குப் புரியும்.

புத்தகம் நகர்கிறது. வானொலி போய்த் தொலைக்காட்சி வந்து, அதற்கும் மலைமேல் புதிதாக வேறொன்று வைத்த பிறகு, பெரியப்பா செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்ற கதை வரை வந்திருக்கிறோம். பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று நகரசபை பேசியதும், கடைத்தெருக்காரர்கள்தான் முதலில் எதிர்த்து மனுக் கொடுத்தார்களாம். பெரியப்பா மேல் ஏறி ஊரைப் பார்க்க வருகிற கூட்டம் இல்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமாம்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அப்பாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று படித்து நிம்மதி. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒன்றுமில்லாததற்கும் ஒரு படம் எடுத்து அனுப்புவார்கள்.

பெரியப்பா விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. பெட்டிபோல மூடிய காலுக்குள் தண்ணீர் தேங்குவது சாதாரண விஷயமில்லை. வெளியே பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு பிஸ்கட்டாகியிருக்கும். எவ்வளவு உயரம் வரை மொத்தென்று கேட்டது? அடியில் வடிகால் ஓட்டை இருக்குமே, அது அடைத்திருக்கிறதா? தட்டிப் பார்த்தவர் யார், கோபுர ஆபீஸ்காரரா வெளியாளா? அப்பாவைக் கேட்டு எழுது. அவருக்கு அந்தக் கால் உள்ளங்கை மாதிரி.

உன் தம்பி

*

மே 9

அன்புள்ள தம்பி,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அவசரத்தில் எழுதுகிறேன், இன்றைக்கும் அங்கேதான் போகவேண்டும்.

நான் எழுதியது 'எழுதுவதற்கில்லை'. நீ படித்தது 'எழுத ஒன்றுமில்லை'. பிழை திருத்திப் பிழைக்கிறவளின் தம்பிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது. சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால், கடை பூட்டியிருக்கிறது என்று அதன் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாய். அந்தப் பையன் இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

கேட்டாயே, சொல்கிறேன். மூன்றாம் காலில் இரண்டு முறை ஊசியால் ஓட்டை போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். எடுத்த மறு வாரமே திரும்பக் கோத்துக்கொள்கிறது. பிரித்துப் பார்க்க இந்த வயதில் முடியாது என்கிறார்கள். அடுத்த வருட விழா வரை நிற்காது. இதை இதைவிடச் சுத்தமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

நீ சீக்கிரம் ஏதாவது செய்யவேண்டும்.

அக்கா

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

கவலைப்படாதே. செய்துவிட்டேன்.

விழா வரை நிற்காது என்று படித்த அன்றே கோபுர ஆபீசுக்கு எழுதினேன். என் பெயரில் மட்டும் எழுதினால் மேஸ்திரி மகன் என்று மூலையில் போட்டுவிடுவார்கள் என்பதால், மேலதிகாரியிடம் பேசிக் கம்பெனித் தாளில் முத்திரையோடு புகாராகவே அனுப்பினேன். மூன்றாம் காலைத் தட்டினால் மொத்தென்று கேட்கிறது, உட்புறம் அரித்திருக்கிறது, நீர் தேக்கம் இருக்கிறது, ஆட்களை மேலே ஏற்றுவதை உடனே நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன். துரு விஷயத்தில் தாமதம் கூடாது என்று கடைசி வரியில் அடிக்கோடிட்டிருக்கிறேன். ஊசியால் ஓட்டை போடுவது என்ன முறை என்று மட்டும் எங்கள் ஆட்கள் யாருக்கும் புரியவில்லை.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல். அவர் வேலையில் குறை சொன்னதாக நினைத்துவிடப் போகிறார். அவர் சௌக்கியம்தானே? நீ இரண்டு கடிதமாக அவரைப் பற்றி எழுதவேயில்லை.

உன் தம்பி

*

ஜூலை 4

அன்புள்ள தம்பி,

பெரியப்பாவை மூடிவிட்டார்கள். சுற்றிலும் தகர வேலி, வாசலில் காவலாளி. 'மூன்றாம் காலில் துரு' என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. சின்னத் தகரக் கோபுரம் விற்கிற கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று மனுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மனு எழுதும் கை ஓய்வதேயில்லை.

அப்பா பத்திரிகையைப் படித்துவிட்டு எட்டாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. "யாரோ வேண்டாதவன்" என்று மட்டும் சொன்னார். பெரியப்பாவைப் பற்றி ஒருவன் வாய்க்கு வந்ததைப் பேசினால் அவருக்கு எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். திட்டக்கூட மூச்சு இல்லை.

மறுநாள் கோபுர மேற்பார்வையாளரே வீட்டுக்கு வந்தார். உன் கடிதத்தைக் கொண்டுவந்திருந்தார். ஆபீஸ் ஆட்கள் நான்கு காலையும் தட்டிப் பார்த்துவிட்டார்களாம், மூன்றாம் கால்தான் எல்லாவற்றையும்விடக் கணீரென்று இருக்கிறதாம். ஆனால் இவ்வளவு பெரிய கம்பெனி முத்திரை போட்டு எழுதியதை அவரால் தள்ள முடியவில்லை. விதிப்படி, புகார் கொடுத்தவர் நேரில் வந்து இடத்தைக் காட்ட வேண்டும், இல்லை என்றால் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். அதுவரை திறக்க முடியாதாம்.

"கையெழுத்து யாருன்னு பாருங்க, மேஸ்திரி."

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். நான் அடுப்படியில் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. மேற்பார்வையாளர் கிளம்பிப் போன பிறகுதான் கூப்பிட்டார்.

"மூணாம் கால்ல தண்ணி கோத்திருக்குன்னு இவனுக்கு யார் சொன்னா?"

மேற்பார்வையாளர் குடித்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"தட்டிப் பாத்தாங்களாம், மொத்துன்னு கேட்டுச்சாம். இது ஆஸ்பத்திரியில என் முதுகுல அந்த டாக்டர் விரலால தட்டினதில்ல?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்போ அது நானா?" என்றார்.

"ஆமாம்பா."

"இவன் அதைக் கோபுரம்னு நெனச்சுட்டானா?"

"ஆமாம்பா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நான் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். அடங்கியதும், "என் உடம்பைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணினே" என்றார். ஒரு வரிகூட எழுதவில்லை என்றேன். "அதுவும் சரிதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியிலேயே, பஸ்ஸில், அந்தச் சத்தியத்தை வாங்கிவிட்டார். நீ வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவருவாயாம், அதற்கு அவர் காரணமாக இருக்கக்கூடாதாம். இப்போதும் அவர் உடம்பைப் பற்றி நான் எழுதவில்லை. வீட்டில் நடந்ததை எழுதியிருக்கிறேன். போன கடிதத்தில் நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை, காலை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

அக்கா

*

ஜூலை 22

அக்கா,

உன் கடிதத்தைப் பாலத்துக்கு அடியில் நின்று படித்தேன். பிறகு பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஊசி என்று எழுதியிருக்கிறாய். கோபுரத்துக்கு யார் ஊசி போடுவார்கள். நான் அதையும் ஒரு புது முறை என்று நினைத்து நான்கு பேரிடம் விசாரித்தேன்.

என்மேல் எனக்கு வருகிற வெறுப்பைச் சொல்லி உன்னை அலுப்பேற்ற வேண்டாம். துரு என்ற சொல்லைக் கண்டால் எனக்கு வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. அப்பாவும் அப்படித்தான், அவரிடமிருந்துதான் வந்திருக்கும். ஆனால் அவர் என் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு அது யார் என்று கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டு கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒன்று கோபுர ஆபீசுக்கு. புகார் தவறானது, மூன்றாம் காலில் ஒரு குறையும் இல்லை, அதைப் பராமரித்தவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. பத்திரிகையிலும் போடச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று கம்பெனிக்கு, வேலையை விடுகிறேன் என்று. விடுப்புக் கேட்டுப் பார்த்தேன். ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். பாதிப் பூச்சு உரியட்டும், நான் வருகிறேன்.

அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. கதவைத் திறக்க மாட்டேன் என்றால் படியில் உட்கார்ந்திருப்பேன். பூட்டிய கடை வாசலில் நின்று எனக்குப் பழக்கம்தானே. அவர் சொல்லும் பதிலை ஒரு வரியில் எழுது. அது வந்ததும் இரண்டையும் தபாலில் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 8

சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் கடிதத்தை அக்கா படித்துக் காட்டினாள். இது என் கையெழுத்து, அவளைத் திருத்த விடவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

அந்த இரண்டு கடிதத்தையும் கிழித்துப் போடு.

நேற்று மாமாவும் மேற்பார்வையாளரும் என்னைக் கோபுரத்துக்கு அழைத்துப் போனார்கள். வேலிக்குள் நாற்காலி போட்டார்கள். நிழல் நன்றாக இருந்தது. சுத்தியைக் கேட்டு வாங்கி மூன்றாம் காலைத் தட்டினேன். அங்கே நின்ற எல்லோருக்கும் கணீரென்று கேட்டதாம். எனக்கு மொத்தென்று கேட்டது. அப்படியே சொன்னேன். "மேஸ்திரி, இன்னொரு தடவை தட்டிப் பாருங்க" என்றார் மேற்பார்வையாளர். இன்னொரு தடவையும் மொத்தென்றுதான் கேட்டது. இத்தனை வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்ட காது, என் பேச்சைத் தள்ள அவரால் முடியாது. உள்ளே துரு இருக்கிறது, பூச்சு என் காலத்தில் சரியாக அடிக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பத்திரிகைக்காரன் வந்திருந்தான், போடுவான். போடட்டும்.

ஆகவே புகாரைத் திரும்பப் பெறாதே. வேலையையும் விடாதே. புகார் கொடுத்தவர் நேரில் வந்து இடத்தைக் காட்ட வேண்டும் என்பது விதி. காட்ட உன்னைக் கம்பெனிதான் அனுப்ப வேண்டும் என்று மேற்பார்வையாளர் அவர்களுக்கு எழுதியிருக்கிறார். அப்படி எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் தடவை அவர் எழுதியதைப் படித்துக் காட்டினார், அழுத்தம் போதவில்லை, அவசரம் என்று மட்டும் சேர்க்கச் சொன்னேன். நீ வேலையைப் போட்டுவிட்டு வரவேண்டாம். வேலையாக வா.

வந்து நீ நிதானமாகத் தட்டிப் பார். உனக்குக் கணீரென்று கேட்டால் அன்றைக்கே திறந்துவிடலாம். அது கணீரென்றுதான் இருக்கும்.

துரு விஷயத்தில் தாமதம் கூடாது என்று நீயே அடிக்கோடு போட்டிருக்கிறாய்.

இப்படிக்கு,
மூன்றாம் கால்